கார் மோதி நடந்து போனவருக்கு அடிபட்டால்: முதல் நாளிலிருந்து இழப்பீடு கைக்கு வரும்வரை

2022 செப்டம்பரில் என் அப்பா கடையைப் பூட்டிவிட்டுச் சாலையைக் கடக்கும்போது ஒரு கார் மோதியது. வலது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. அப்பா தையல்காரர், அப்போது வயது 57. இழப்பீட்டுத் தீர்ப்பு வர இரண்டு ஆண்டு நான்கு மாதம் ஆனது. அதில் பாதி அலைச்சல் எங்களுக்கு விவரம் தெரியாததால் வந்தது. முதல் வாரத்தில் எந்தக் காகிதத்தில் என்ன எழுதப்படுகிறது என்பதை யாராவது அன்றைக்கே கவனிக்கச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இது தமிழ்நாட்டில் நடக்கும் விபத்துகளை மனதில் வைத்து எழுதியது. சட்டம் இந்தியா முழுவதற்கும் ஒன்றுதான், 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். அலுவலக நடைமுறைதான் மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் மாறும்.

1. முதல் நாள்: சிகிச்சையும் ஏ.ஆர். பதிவும்

108-ஐ அழையுங்கள். பணத்தைப் பற்றி யோசித்து நேரத்தைக் கடத்தாதீர்கள். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. மத்திய அரசின் ரொக்கமில்லாச் சிகிச்சைத் திட்டமும் 2025 மே மாதத்திலிருந்து இருக்கிறது. அதில் ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை, விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை கிடைக்கும். இந்தத் திட்டங்களில் மருத்துவமனை இருக்கிறதா என்று சேர்க்கும்போதே கேளுங்கள். அடிபட்டவரைக் கொண்டு வந்து சேர்த்தவரைப் போலீஸ் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்கும் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு (134-ஏ பிரிவு). அக்கம்பக்கத்தார் பயந்தால் இதைச் சொல்லுங்கள்.

அடுத்தது ஏ.ஆர். விபத்தில் அடிபட்டு வருபவரைப் பற்றி மருத்துவமனையில் ஒரு பதிவேட்டில் எழுதுவார்கள். ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் என்பதைச் சுருக்கி எல்லோரும் ஏ.ஆர். என்பார்கள். எப்படி அடிபட்டது, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்த வாகனம், கூட்டி வந்தவர் யார் என்று ஐந்தாறு வரி இருக்கும். பிற்பாடு வழக்கு முழுவதும் இந்த ஐந்தாறு வரியைச் சுற்றித்தான் நடக்கும்.

அப்பாவைக் கொண்டு போய்ச் சேர்த்தது பக்கத்துக் கடைக்காரர். பதற்றத்தில் அவர் "ரோட்டில் விழுந்துட்டார்" என்று சொல்லியிருக்கிறார். ஏ.ஆரில் "சாலையில் தவறி விழுந்ததாகச் சொல்லப்படுகிறது" என்று ஏறிவிட்டது. கார் என்ற சொல்லே அதில் இல்லை. ஒரு வாரம் கழித்துத்தான் நாங்கள் பார்த்தோம். முதல் பதிவை இனி மாற்ற முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார், அவர் சொன்னது நியாயம்தான். ஒன்றரை வருடம் கழித்து, காப்பீட்டுக் கம்பெனி வக்கீல் குறுக்கு விசாரணையில் அந்த வரியைத்தான் உரக்கப் படித்தார். பக்கத்துக் கடைக்காரர் வந்து சாட்சி சொன்ன பிறகே அது சரியானது.

எனவே பதிவு எழுதும்போது பக்கத்தில் நில்லுங்கள். "கார் மோதியது, நடந்து போனவர்" என்ற இரண்டு விவரமும், வண்டி எண் தெரிந்தால் அதுவும் ஏறட்டும். தெரியாத எண்ணை ஊகித்துச் சொல்ல வேண்டாம். வலது, இடது மாறாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

2. எஃப்.ஐ.ஆர்.: தாமதிக்காதீர்கள், படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்

மோதிய ஓட்டுநருக்கே சில கடமைகள் உண்டு. அடிபட்டவரைச் சிகிச்சைக்குக் கொண்டு போக வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் செய்வார் என்று காத்திருக்காமல் நீங்களே புகார் கொடுங்கள். எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், அவர்கள் உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம்.

2024 ஜூலை 1 முதல், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அஜாக்கிரதையாக ஓட்டியதற்கு 281, அதில் காயம் ஏற்பட்டால் 125, உயிரிழப்பு என்றால் 106(1) ஆகிய பிரிவுகள் வரும். எலும்பு முறிவு கொடுங்காயம். அதற்கு 125(பி) போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். சாதாரணக் காயம் என்று போட்டுவிட்டால், எக்ஸ்ரே அறிக்கையைக் கொடுத்துப் பிரிவை மாற்றக் கேளுங்கள்.

இரண்டு நாள் தாமதமாகிவிட்டதே என்று கலங்க வேண்டாம். சிகிச்சையில் அலைந்ததால் ஏற்பட்ட தாமதத்தை மட்டும் காரணமாக வைத்து இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. தாமதத்தின் காரணத்தைப் புகாரிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இந்தக் கட்டத்தில்தான் ஆட்கள் வருவார்கள். கார்க்காரர் தரப்பு மருத்துவமனைக்கே வந்து, "ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க நாங்க பார்த்துக்கிறோம், கேஸ் வேண்டாம்" என்று கெஞ்சும். எங்களிடமும் வந்தார்கள். மூன்றாவது நாளிலிருந்து போனை எடுக்கவில்லை. உதவியாகப் பணம் தந்தால் வாங்குவது உங்கள் முடிவு. ஆனால் "எனக்குப் புகார் இல்லை" என்ற காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இன்னொரு வகை ஆட்கள், மோதிய வண்டிக்குக் காப்பீடு இல்லை என்றால் காப்பீடு உள்ள வேறு வண்டியைக் காட்டலாம் என்பார்கள். அது மோசடிக் குற்றம். அடிபட்ட குடும்பமே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரும்.

3. யார் பணம் தர வேண்டும்?

ஓட்டியவர், காரின் உரிமையாளர், காப்பீட்டுக் கம்பெனி என மூவர் மீதும் பொறுப்பு இருக்கிறது. நடைமுறையில் பணம் பெரும்பாலும் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்துதான் வரும். ஒவ்வொரு காருக்கும் மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம். நடந்து போனவர்தான் அந்த மூன்றாம் தரப்பு. உடல் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் அதில் உச்சவரம்பு கிடையாது.

எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் காப்பீடு எந்தத் தேதி வரை என்று தெரியும். விபத்து நாளில் அது உயிரோடு இருந்ததா என்று பார்த்து, திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

"காரை நான் போன வருஷமே விற்றுவிட்டேன்" என்று ஒருவர் சொல்லக்கூடும். ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) யார் பெயரில் இருக்கிறதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே ஆர்.சி.யில் உள்ளவரை மனுவிலிருந்து விட்டுவிடாதீர்கள். ஓட்டுநருக்கு உரிமம் இல்லை என்றாலும் உடனே நம்பிக்கை இழக்க வேண்டாம். முதலில் கம்பெனி உங்களுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவது வழக்கம். காப்பீடே இல்லாத கார் என்றால்தான் சிக்கல். அப்படியானால் போலீஸ் பிடித்து வைத்திருக்கும் காரை ஈடு வாங்காமல் விடுவிக்கக் கூடாது என்று உடனே நீதிமன்றத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். கார் வெளியே போய்விட்டால், பிறகு உரிமையாளரின் சொத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

4. "அவர்தான் பார்க்காமல் குறுக்கே வந்தார்"

நடந்து போனவர் வழக்கு எதிலும் இந்த வாதம் தவறாமல் வரும். அவர் பக்கமும் தவறு இருப்பதாகத் தீர்ப்பாயம் கருதினால், அந்தச் சதவீதத்தை இழப்பீட்டில் கழிக்கும். 20 சதவீதத் தவறு என்றால் 5 லட்சம் 4 லட்சமாகிவிடும். சாலையைக் கடக்கப் போட்டிருக்கும் வரிக்கோட்டில் கடக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக முழு இழப்பீடும் போய்விடாது. சிறு குழந்தைகள் மீது பொதுவாக இப்படித் தவறு ஏற்றுவதில்லை.

இதற்குப் பதில் சொல்வது பெரும்பாலும் போலீஸ் சம்பவ இடத்தைப் பார்த்துப் போடும் மாதிரி வரைபடம்தான். அப்பா வழக்கில் வரிக்கோடு கொஞ்ச தூரம் தள்ளி இருந்தது, அதைக் கம்பெனி வக்கீல் பலமுறை சொன்னார். ஆனால் வரைபடத்தில் அப்பாவின் ஒரு செருப்பு கிடந்த இடம் குறிக்கப்பட்டிருந்தது. அவர் போய்ச் சேர வேண்டிய ஓரத்திலிருந்து 3 அடி தூரம். அதாவது சாலையை ஏறக்குறைய கடந்தே முடித்துவிட்டார். அவ்வளவு தூரம் ஒருவர் நடந்து வருவதை ஓட்டுநர் கவனித்திருக்க வேண்டும் என்று தீர்ப்பாயம் எடுத்துக்கொண்டது. அப்பா மீது 10 சதவீதம் மட்டும் போட்டார்கள்.

வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் இருக்கும்போதே இன்னொருவர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும். பிரேக் போட்ட தடம், கண்ணாடித் துண்டு, தெருவிளக்கு, வேகத்தடை எல்லாவற்றையும் படம் எடுங்கள். அக்கம்பக்கக் கடைகளின் கண்காணிப்புக் கேமராப் பதிவை அன்றைக்கே கேளுங்கள், சில நாட்களில் பழைய பதிவு தானாக அழிந்துவிடும். கடைக்காரர் தரத் தயங்கினால், அந்தப் பதிவைக் கைப்பற்றும்படி விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு அபாயம், எஃப்.ஐ.ஆரிலோ குற்றப்பத்திரிகையிலோ நடந்து போனவர் மீதே தவறு என்று முடித்துவிடுவது. வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று மாதம் ஒருமுறையாவது கேளுங்கள். இழப்பீட்டு வழக்கில் குற்ற வழக்கு அளவுக்குச் சந்தேகமற நிரூபிக்கத் தேவையில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். ஆனாலும் போலீஸ் காகிதம் எதிராக இருந்தால் வேலை இரட்டிப்பாகும்.

5. எந்த வழியில் கேட்பது?

மூன்று வழிகள் இருக்கின்றன.

166-வது பிரிவு: ஓட்டுநரின் தவறைக் காட்டி, உண்மையான இழப்பு முழுவதையும் கேட்பது. நேரம் பிடிக்கும், தொகை அதிகம். வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றியவர் அடிபட்டிருந்தால் என் கருத்தில் இதுதான் சரியான வழி.

164-வது பிரிவு: யார் தவறு என்ற கேள்வியே இல்லாமல் நிலையான தொகை. உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். இதை வாங்கிக்கொண்டால் 166-ல் போட்ட மனு காலாவதியாகிவிடும். காயத்தின் முழு அளவு தெரியும் முன்பே அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

161-வது பிரிவு: மோதிவிட்டு ஓடிய கார் எது என்றே தெரியாவிட்டால். உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். இதற்கு நீதிமன்றம் போக வேண்டாம். கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அளவிலான விசாரணை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும், மாவட்ட ஆட்சியர் ஒப்புதல் தருவார். பிறகு கார் கண்டுபிடிக்கப்பட்டு முழு இழப்பீடு கிடைத்தால், இந்தத் தொகை அதில் கழிக்கப்படும்.

6. மனு: ஆறு மாதக் கணக்கும் காகிதக் கட்டும்

2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். கட்டுப் பிரிக்கட்டும், நடக்க ஆரம்பிக்கட்டும் என்று நாங்களும் காத்திருந்து, ஐந்தாவது மாதம் முடியும்போது ஓடினோம். மனுப் போட்ட பிறகும் சிகிச்சை ஆவணங்களைச் சேர்க்கலாம்.

போலீசுக்கும் காலக்கெடு உண்டு. முதல் அறிக்கையை 48 மணி நேரத்திலும், விரிவான விபத்து அறிக்கையை 90 நாளிலும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அதையே நம்பி உட்காராமல் தனி மனுப் போடுவது பாதுகாப்பு.

விபத்து வெளியூரில் நடந்திருந்தால் அங்கேதான் போக வேண்டும் என்பதில்லை. நீங்கள் வசிக்கும் பகுதிக்கான தீர்ப்பாயத்திலேயே போடலாம். சென்னையில் சிறுவழக்கு நீதிமன்றத்திலும், மற்ற ஊர்களில் மாவட்ட அல்லது சார்பு நீதிமன்றத்திலும் இது நடக்கும். உங்கள் வழக்குக்கு எம்.சி.ஓ.பி. என்று தொடங்கும் எண் தருவார்கள்.

சேர்க்க வேண்டியவை:

- எஃப்.ஐ.ஆர்., மாதிரி வரைபடம், பார்வை மகஜர் (சம்பவ இடத்தில் கண்டதைப் போலீஸ் எழுதும் குறிப்பு), மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, குற்றப்பத்திரிகை
- காரின் ஆர்.சி., காப்பீட்டுப் பாலிசி, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் நகல்
- ஏ.ஆர். நகல், காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஸ்கேன்
- மருத்துவமனை, மருந்துக்கடை அசல் பில்கள்
- வயதுக்கும் வருமானத்துக்குமான சான்று, ஆதார், வங்கிப் புத்தகம்
- உயிரிழப்பு என்றால் பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ்

போலீஸ் ஆவணங்களில் பலவற்றைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் சிறு கட்டணம் கட்டித் தரவிறக்கிக்கொள்ளலாம். அதற்காக நிலையத்துக்கு நாலு நடை நடக்க வேண்டாம். வாரிசுச் சான்றிதழுக்கு நாளாகும், முதலிலேயே விண்ணப்பியுங்கள்.

பில் விஷயத்தில் ஒன்று. மருந்துக்கடையில் வழுவழுப்பான தாளில் அச்சடித்துத் தரும் பில்லின் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும். அம்மா எல்லாப் பில்லையும் ஒரு மஞ்சள் பையில் பத்திரமாகத்தான் வைத்திருந்தார். ஆறு மாதம் கழித்து எடுத்தபோது பதினோரு பில் வெள்ளைத் தாளாக இருந்தது. வாங்கிய அன்றே நகல் எடுத்து, அசலோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். ஆட்டோ, வாடகைக் கார் செலவையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள்.

7. வக்கீலும் செலவும்

மருத்துவமனைப் படுக்கைக்கே வந்து "கேஸ் எடுத்துத் தருகிறோம்" என்பவர்களிடம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், குறிப்பாக வெற்றுத் தாளிலும் நிரப்பாத வக்காலத்திலும் (வக்கீலுக்கு வழக்கை நடத்த அதிகாரம் தரும் தாள்). வருவதில் இத்தனை சதவீதம் என்று பேசுவது ஊரெங்கும் நடக்கிறது. வழக்கின் முடிவை வைத்துக் கட்டணம் பேசவோ, கிடைக்கும் தொகையில் பங்கு கேட்கவோ வக்கீல்களுக்கு அனுமதி இல்லை என்பது பார் கவுன்சில் விதி. ஒரு தொகையைத் தவணையாகப் பேசிக்கொள்ளுங்கள். கொடுக்கும்போதெல்லாம் ரசீது கேளுங்கள்.

பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். தொலைபேசி எண் 15100. கணவரை விபத்தில் இழந்த பெண்ணுக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமலே இந்த உதவி கிடைக்கும். இது தெரியாமல் நகையை அடகு வைத்த குடும்பத்தை நீதிமன்ற வராந்தாவில் பார்த்தேன்.

8. தொகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

மருத்துவச் செலவு, போக்குவரத்து, உடனிருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு, சத்தான உணவு, வலி, வேலைக்குப் போக முடியாத மாதங்களின் வருமானம் என்று தனித்தனித் தலைப்புகள் உண்டு. பெரிய தொகை வருவது நிரந்தர ஊனத்தால் இழக்கும் வருங்கால வருமானத்தில்தான். அதற்கு மருத்துவக் குழுவின் ஊனச் சான்றிதழ் வேண்டும்.

அப்பாவின் கணக்கையே காட்டுகிறேன். மாத வருமானம் 12,000 என்று எடுத்துக்கொண்டார்கள். சுயதொழில் செய்பவர், வயது 50-க்கு மேல், எனவே வருங்கால உயர்வுக்காக 10 சதவீதம் கூட்டி 13,200. ஆண்டுக்கு 1,58,400. இதை வயதுக்கேற்ற ஒரு பெருக்கு எண்ணால் பெருக்குவார்கள். 56 முதல் 60 வயது வரை அது 9, ஆக 14,25,600. இதில் ஊனம் எத்தனை சதவீதமோ அந்தப் பங்கு.

மருத்துவக் குழு வலது காலுக்கு 40 சதவீதம் என்று சான்று தந்தது. காலுக்கு 40 என்பது முழு உடலுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குதான் என்று கம்பெனி வாதிட்டது. எங்கள் வக்கீல் அப்பாவை ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மிஷினை எந்தக் காலால் மிதிப்பீங்க?" அப்பா வலது காலைத் தொட்டுக் காட்டினார். ஊனம் செய்யும் தொழிலை எவ்வளவு பாதிக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்பது 2011-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த முறை. தீர்ப்பாயம் 30 சதவீதம் வைத்தது. அந்தத் தலைப்பில் 4,27,680 ரூபாய். ஆகவே உங்கள் வேலையை நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று வக்கீலுக்கு விவரமாகச் சொல்லுங்கள். நிற்பது, குனிவது, தூக்குவது, வண்டி ஓட்டுவது என்று எல்லாமே கணக்கில் வரும்.

வருமானத்துக்குச் சான்று இல்லாதவர்களுக்குத் தீர்ப்பாயம் ஒரு தொகையைத் தானே நிர்ணயிக்கும், அது பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். அப்பாவின் அளவு நோட்டும் ரசீதுக் கட்டுகளும் இல்லாவிட்டால் 12,000 கூட வந்திருக்காது.

9. விசாரணையும் சமரசமும்

வாய்தா நாட்களில் அடிபட்டவர் ஒவ்வொரு முறையும் வரத் தேவையில்லை. சாட்சி சொல்லும் நாளில் கட்டாயம் வர வேண்டும். நினைவில்லாததை "நினைவில்லை" என்றே சொல்லட்டும். வேகம் இத்தனை கிலோமீட்டர் என்று ஊகமாகச் சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டே பத்துக் கேள்வி வரும்.

இடையில் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசலாமா என்று கேட்பார்கள். பணம் சீக்கிரம் வரும், ஆனால் அங்கே முடிந்ததற்கு மேல்முறையீடு கிடையாது. மேலே சொன்ன கணக்கை உங்கள் விவரத்தோடு ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள். எங்களுக்கு முதலில் சொன்ன தொகை மருத்துவச் செலவைவிடக் கொஞ்சம்தான் அதிகம். மறுத்துவிட்டோம். மேற்கொண்டு அறுவை சிகிச்சைக்குப் பணம் தேவைப்படும் குடும்பம் என்றால் ஒப்புக்கொள்வதிலும் தவறில்லை.

10. தீர்ப்புக்குப் பிறகு

தொகையோடு வட்டியும் உண்டு. தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஆண்டுக்கு 7.5 சதவீதம், மனுப் போட்ட நாளிலிருந்து கணக்கு. பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும்படி கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி., பான் ஆகியவற்றை முன்கூட்டியே தாக்கல் செய்யுங்கள். சிறுவர்களின் பங்கை அவர்கள் 18 வயதாகும்வரை வைப்புத்தொகையாக வைக்க உத்தரவிடுவார்கள்.

தொகை குறைவு என்று நினைத்தால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். கம்பெனிக்கும் அதே 90 நாள் உண்டு. அதனால் தீர்ப்பு வந்த மறுநாளே பணம் வரும் என்று யாரிடமும் தேதி சொல்லிவிடாதீர்கள். தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு அன்றைக்கே விண்ணப்பித்து விடுங்கள். தொகையைக் கட்டாமல் கம்பெனி இழுத்தடித்தால் நிறைவேற்று மனுப் போட அந்த நகல்தான் வேண்டும். நாங்கள் விண்ணப்பித்து மூன்றாவது வாரம் நகல் வந்தது. அதற்குப் பிறகு இரண்டு மாதத்தில் அப்பாவின் கணக்கில் பணம் ஏறியது.